வலியில் கிடப்பவளுக்கு யார் துணை?

(சிதம்பரத்தில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய ஒரு கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நான் பிரசவத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சாதி ஒழிப்பு பேசும் மேடையில் பிரசவத்துக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். சாதி பிறப்பில் வருகிறது என்று நாம் ஓயாமல் சொல்கிறோம். ஆனால் அந்தப் பிறப்பு நடக்கும் அறைக்குள் நாம் எட்டிப் பார்த்ததில்லை. வலியில் கிடப்பவளின் தலைமாட்டில் யார் நிற்கிறார்கள், யாரை உள்ளே விடுவதில்லை, தொப்புள்கொடியை எந்தக் கை அறுத்தது, அந்தக் கைக்கு ஊர் என்ன பெயர் வைத்தது? இந்தக் கேள்விகளைக் கேட்டால் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரியும், நாம் என்ன கேட்டுப் போராட வேண்டும் என்பதும் தெரியும்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். டூலா. உங்களில் சிலர் இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பீர்கள். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் கர்ப்பிணிகளுக்குத் துணை இருக்கும் பெண்கள் தங்களை டூலா என்று அழைத்துக்கொள்கிறார்கள். டூலா மருத்துவரும் அல்ல, செவிலியரும் அல்ல. ஊசி போடமாட்டார், உள்பரிசோதனை செய்யமாட்டார், குழந்தையை எடுக்கமாட்டார். கர்ப்ப காலத்தில் வீட்டுக்கு வந்து பேசுவார். வலி எடுத்தது முதல் பிள்ளை பிறந்து பால் குடிக்கும் வரை கூடவே இருப்பார். அதற்குக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணம் நம் தெருவுக்கு எட்டாதது.

இந்தச் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் அடிமைப் பெண். 1970களில் டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானுடவியலாளர், பிள்ளை பெற்றவளுக்கு உதவும் பெண்ணைக் குறிக்க இதை எடுத்தாண்டார். அது அப்படியே நிலைத்துவிட்டது. பேறுகாலத்தில் இன்னொரு பெண்ணின் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் வேலைக்கு உலகம் தேடிக் கண்டுபிடித்த பெயர் அடிமை என்பது. நம் ஊரில் சொல் வேறாக இருந்தது, நிலைமை அதுதான்.

மருத்துவச்சி என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மருத்துவம் பார்ப்பவள் என்று பொருள். கேட்க மதிப்பாக இருக்கிறது. ஆனால் கிராமத்தில் மருத்துவச்சி என்றால் குறிப்பிட்ட சாதிப் பெண். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பு, நாவிதர் சமூகப் பெண்கள் பேறு பார்ப்பதைப் பதிவு செய்திருக்கிறது. தமிழ்நாட்டின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இன்றும் மருத்துவர், நாவிதர் என்ற பெயர்கள் ஒரே வரியில்தான் இருக்கின்றன. பல ஊர்களில் பறையர் பெண்கள் இந்த வேலையைச் செய்தார்கள். சேரிக்குள் இருக்கும் பெண்களுக்குப் புதிரை வண்ணார் பெண்கள் பேறு பார்த்தார்கள், தீட்டுத் துணியை வெளுத்தார்கள். தலித்துகளுக்கும் கீழே ஒரு படியை வைத்து, அந்தப் படியில் நின்றவர்களிடம் பிறப்பின் இரத்தத்தைத் துடைக்கச் சொன்னது சாதி.

இந்த ஏற்பாட்டின் தந்திரத்தைக் கவனியுங்கள். ஊர்த் தெருவில் ஒரு வீட்டில் இடுப்பு வலி எடுத்தால் நடு இரவிலும் ஆள் அனுப்புவார்கள். கொல்லைப்புற வழியாக அழைத்துப்போவார்கள். அந்த ஒரு இரவுக்குத் தீண்டாமை இல்லை. அவள் கை அந்த வீட்டுப் பெண்ணின் உடம்புக்குள் போகலாம். அவள் மடியில்தான் குழந்தை முதலில் விழும். நஞ்சுக்கொடியைப் புதைத்து, தாயைக் குளிப்பாட்டி, இடத்தைக் கழுவி முடித்ததும் மறுபடியும் அவள் தீண்டத்தகாதவள். கூலி என்று கொஞ்சம் நெல், பழைய துணி. ஆண் பிள்ளை என்றால் அளவு கொஞ்சம் கூடும். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளையே அவளைப் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிடும்.

ஆக, அறிவு அவளிடம் இருந்தது. எது உண்மையான வலி, எது சூட்டு வலி என்பது அவளுக்குத் தெரியும். சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்த்து, வலி அடங்கினால் இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்வாள். எப்போது நடக்கவிட வேண்டும், எப்போது உட்காரவைக்க வேண்டும், முதுகில் எங்கே அழுத்தினால் தாங்கும் என்பதெல்லாம் தெரியும். இவ்வளவையும் அறிவு என்று ஒப்புக்கொள்ளாமல் சாதித் தொழில் என்று சொன்னதுதான் சாதியின் வேலை. தீட்டு என்ற சொல் இல்லையென்றால் அந்த உழைப்புக்கு நியாயமான கூலி கொடுத்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பழைய காலத்தைப் போற்ற வரவில்லை. அந்தக் காலத்தில் வீட்டிலேயே சுகமாகப் பெற்றார்கள் என்ற பேச்சு இன்று யூடியூபில் நன்றாக விற்கிறது. 2018இல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஒரு பெண் இரத்தப்போக்கில் இறந்துபோனார். பாட்டிமார் எத்தனை பிள்ளை பெற்றார்கள் என்று நமக்குக் கணக்குத் தெரியும், எத்தனையைப் புதைத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பேறுகாலத்தில் செத்துப்போன பெண்கள் கதை சொல்ல வரமாட்டார்கள். மருத்துவமனைப் பிரசவம் நம் மக்களின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கும் எந்தப் பேச்சும் நமக்கு வேண்டாம்.

தமிழ்நாடு இதில் சாதித்திருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018-20 கணக்கில், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர், முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான 18,000 ரூபாய் மகப்பேறு உதவி, 108 வண்டி, பெற்றவளை வீட்டில் கொண்டுபோய்விடும் 102 வண்டி எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. நம் மாவட்டத்திலேயே, அண்ணாமலை நகரில் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, மாணவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021இல் சுகாதாரத் துறையின் கீழ் வந்து கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. அது நமக்குப் பெரிய வரவு.

ஆனால் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வந்தபோது ஒன்றை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோம். கூட இருக்கும் ஆளை.

பேறுகாலம் பற்றிப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். தையலைப் பற்றியோ ஊசியைப் பற்றியோ அவர்கள் முதலில் சொல்வதில்லை. 'தனியாக் கெடந்தேன்' என்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அம்மா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். இவள் உள்ளே. பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி கத்திக்கொண்டிருப்பாள். என்ன நடக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம், எதற்கு இந்த டிரிப் என்று சொல்ல ஆள் கிடையாது. கத்தினால் திட்டு விழும். அந்தத் திட்டுகளை நான் இங்கே சொல்லப் போவதில்லை. பிள்ளை பெற்ற பெண் யாரைக் கேட்டாலும் அதே வாசகத்தைச் சொல்வார். புருஷனோடு படுத்ததைச் சொல்லிக்காட்டித் திட்டுவது. 1990களில் சென்னையில் ஏழைப் பெண்களின் பிரசவ அனுபவங்களை ஆராய்ந்த சிசிலியா வான் ஹாலன் என்ற மானுடவியலாளரும் மருத்துவமனையில் பெண்கள் வசவு வாங்கியதை எழுதியிருக்கிறார்.

திட்டும் செவிலியரை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. ஓர் இரவுப் பணியில் அவர் எத்தனை கட்டிலைப் பார்க்கிறார், எத்தனை பதிவேடு எழுதுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தப் பணியில் இருக்கும் செவிலியரும் நம் வீட்டுப் பெண்தான். ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துக்கொண்டு நிற்க அவருக்கு நேரமில்லை. அந்த வேலைக்கு வேறு ஆள் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அந்த வேலையால் என்ன பயன் என்று கேட்கலாம். கூட இருப்பது, கை பிடிப்பது எல்லாம் ஆறுதல்தானே, மருத்துவமா என்று. 1980இல் குவாதமாலா நாட்டின் ஒரு மருத்துவமனையில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் உள்ளிட்டோர் செய்தது. அங்கேயும் பெண்கள் தனியாகத்தான் பிரசவித்தார்கள். சிலருக்கு மட்டும் ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்தார்கள். அந்தத் துணைப் பெண்ணுக்கு மருத்துவப் பயிற்சி கிடையாது, கர்ப்பிணியை முன்பின் பார்த்ததுகூட இல்லை. முதுகைத் தடவிக்கொடுப்பது, கையைப் பிடித்துக்கொள்வது, பேசிக்கொண்டிருப்பது மட்டும்தான். சிக்கல் ஏதும் இல்லாமல் பிரசவித்தவர்களை ஒப்பிட்டபோது, மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கும் வரை, துணை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 19 மணி நேரம் ஆகியிருந்தது. துணை இருந்தவர்களுக்கு 9 மணி நேரத்துக்கும் குறைவு. அது சிறிய ஆய்வுதான். அதற்குப் பிறகு பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் கோக்ரேன் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. தொடர்ந்து துணை இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடியிருந்தது, அறுவை சிகிச்சை குறைந்திருந்தது, வலி நேரம் சுருங்கியிருந்தது, பிரசவத்தைக் கசப்பாக நினைவுகூர்ந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். எல்லா ஆய்வுகளும் ஒரே தரத்தில் இல்லை என்று அந்த அறிக்கையே சொல்கிறது. ஆனால் துணை இருந்ததால் கெடுதல் வந்ததாக எதுவும் கிடைக்கவில்லை. இந்தப் பலனுக்கு மருந்தோ இயந்திரமோ தேவைப்படவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

காரணமும் புதிரானதல்ல. பயந்த உடம்பு இறுகும். இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் கூடும். பக்கத்தில் ஒருவர் இருந்து, 'இப்ப மூச்ச விடும்மா, இந்த வலி எறங்கிடும், எழுந்து நாலு அடி நட' என்று சொன்னால் அந்தச் சுற்று அறுபடும். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது, படுத்தே கிடக்காமல் நிலை மாற்றிவிடுவது, இடுப்பை அழுத்திப் பிடிப்பது, இரத்தம் அதிகமாகப் போகிறது என்று பார்த்துச் செவிலியரைக் கூப்பிடுவது, மருத்துவர் சொன்னதை அவளுக்குப் புரியும்படி திருப்பிச் சொல்வது, பிறந்த குழந்தையை உடனே நெஞ்சில் போட்டுச் சீம்பால் கொடுக்க உதவுவது. இவைதான் வேலைகள். குடும்பத்துக்கும் இது உதவி. வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் கணவனுக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். குழந்தை பிறந்த பத்து நாளில் காரணமே தெரியாமல் அழுதுகொண்டிருக்கும் தாயைப் பார்த்து, பேய் பிடித்திருக்கிறது என்று மாமியார் முடிவு கட்டுவதற்கு முன், இது பெற்றவர்களுக்கு வரும் மனச்சோர்வு, மருத்துவரிடம் போவோம் என்று சொல்ல ஒருவர் இருக்கிறார்.

அறுவை சிகிச்சைக்கு நான் எதிரி அல்ல. தேவைப்படும் இடத்தில் அது உயிர் காப்பது. ஆனால் நான் சொன்ன அதே குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36. அறுத்துத் தைத்த வயிற்றோடு முந்திரித் தோப்புக்கும் நாற்று நடவுக்கும் போகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். தவிர்க்கக்கூடிய ஓர் அறுவை, கூலிக்காரப் பெண்ணுக்கு மாதக்கணக்கில் வருமான இழப்பு.

இனி அரசு என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவிலேயே முன்னோடியாகத் தமிழ்நாடு 2004இல் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2016இல் ஒன்றிய அரசு நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2017இல் பிரசவ அறைகளின் தரத்துக்காக வந்த லக்‌ஷயா திட்டத்திலும் இது இருக்கிறது. 2018இல் உலக சுகாதார நிறுவனம், பிரசவிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் தேர்ந்தெடுக்கும் துணை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவள் தேர்ந்தெடுக்கும் துணை என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் என்ன சொல்கிறது? துணைக்கு வருபவர் பெண் உறவினராக இருக்க வேண்டும், பிள்ளை பெற்ற அனுபவம் இருந்தால் நல்லது, தொற்றுநோய் இருக்கக்கூடாது, சுத்தமான உடை அணிந்திருக்க வேண்டும், பிரசவம் முடியும்வரை உடன் இருக்க வேண்டும், சிகிச்சையில் தலையிடக்கூடாது. கட்டில்களுக்கு இடையே மறைப்பு இருக்கும் இடங்களில் கணவரை அனுமதிக்கலாம். படிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நம் மாவட்டத்தில் நின்று இதைப் படித்தால் மூன்று இடங்களில் இடிக்கிறது.

முதலாவது, கூலி. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் பிரசவத்துக்கு வருகிறாள். துணைக்கு வர வேண்டியது அவள் அம்மா. அம்மா விவசாயக் கூலி. நடவு நேரம். மகள் கூட மூன்று நாள் இருந்தால் மூன்று நாள் கூலி போகும், சாப்பாட்டுச் செலவு வேறு. ராத்திரி படுக்க இடம் வராந்தா. துணை இருப்பதை இலவசமாகக் கிடைக்கும் ஒன்று என்று அரசு கணக்கு வைத்திருக்கிறது. அதன் விலையைக் கொடுப்பது கூலிக்காரத் தாய்.

இரண்டாவது, பேச்சு. துணைக்கு வந்த அம்மாவுக்கு உள்ளே வாய் திறக்கப் பயம். எந்தத் தெரு, எந்த ஊர் என்று ஒருவர் கேட்கும் தொனியிலேயே பாதிப் பேருக்குக் குரல் அடங்கிவிடும். 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைப் பக்கத்தில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. சாதிச் சான்றிதழுக்கே ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் அவர்கள். பிக்மி எண் எங்கே, ஆதார் எங்கே, வங்கிப் புத்தகம் எங்கே என்று கேட்கும் மேசையின் முன் நிற்கும் ஓர் இருளர் பெண்ணின் தாய்க்கு, மகளுக்காகப் பேச எங்கிருந்து தைரியம் வரும்? உள்ளே துணை இருக்கும் ஆளுக்கே ஒரு துணை தேவைப்படுகிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். உறவினர் என்ற சொல். உறவே இல்லாதவள் என்ன செய்வாள்?

இந்த மாவட்டத்தில் நின்று சாதி மறுப்பு மணம் பற்றிப் பேசும்போது கண்ணகி–முருகேசனைத் தாண்டிப் போக முடியாது. விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் இருவருக்கும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். கடலூர் சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2021 செப்டம்பர் ஆனது. கொலைகளைப் பற்றி நாம் பேசுகிறோம், போராடுகிறோம். கொல்லப்படாமல் தப்பி வாழும் இணையர்களின் வாழ்க்கை பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவளுக்கும் குழந்தை பிறக்கும். ஏழாம் மாதம் வளைகாப்பு போட யாரும் வரமாட்டார்கள். தாய்வீடு செத்தாலும் முகத்தில் விழிக்காதே என்று சொல்லிவிட்டது. மாமியார் வீட்டிலும் ஒட்டும் ஒட்டாமலும் இருக்கிறார்கள், அல்லது பாதுகாப்புக்காகக் கண் காணாத ஊரில் குடியிருக்கிறார்கள். வலி எடுத்து மருத்துவமனைக்குப் போனால் முதல் கேள்வி, கூட யாரும்மா வந்திருக்கா? கணவன் மட்டும்தான். மறைப்பு இல்லை, ஆண்களை உள்ளே விட முடியாது, வெளியே நில்லுங்கள். சாதியை மறுத்து வந்தவளை, அவள் வாழ்க்கையின் மிகப் பெரிய வலியில், சாதி மறுபடியும் ஒருமுறை தண்டிக்கிறது. இம்முறை அரிவாளோ விஷமோ வேண்டியதில்லை. உறவினர் என்ற ஒரு சொல் போதும்.

கைவிடப்பட்ட கர்ப்பிணிக்குத் துணை நிற்பது நம் இயக்கத்துக்குப் புதிய வேலை அல்ல. 1863இல் புனேயில் ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாயும் தங்கள் வீட்டிலேயே கர்ப்பிணி விதவைகளுக்கு ஒரு புகலிடம் திறந்தார்கள். ஊருக்குப் பயந்து குழந்தையைக் கொல்ல வேண்டாம், இங்கே வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். வந்தவர்கள் பார்ப்பன விதவைகள். துணை நின்றவர்கள் சூத்திரர்கள். அப்படி வந்த ஒருவரின் மகன் யஷ்வந்தைத்தான் அவர்கள் தத்தெடுத்து வளர்த்தார்கள். ஊர் மருத்துவச்சியும் மேல்சாதிப் பெண்ணுக்குப் பேறு பார்த்தாள், சாவித்திரிபாயும் துணை நின்றார். ஒன்று பிறப்பால் சுமத்தப்பட்டது, மற்றொன்று தானாக முன்வந்து செய்தது.

அம்பேத்கரும் இதைப் பேசியிருக்கிறார். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்தார். தாய்க்குப் பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் சுமையைப் பெருமளவு அரசு ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். பிள்ளைப்பேறு அவளுடைய சொந்தப் பிரச்சினை என்று விட்டுவிடவில்லை. பெரியார் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். பெண் ஏன் அடிமையானாள் என்ற கேள்விக்கு விடை தேடியபோது, பிள்ளை பெறுவது அவள் விருப்பமாக இல்லாமல் விதியாக இருப்பதில் வந்து நின்றார். பெறுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவள் உரிமை என்றால், பெறுவது என்று முடிவு செய்தவள் அவமானப்படாமல் பெறுவதும் அவள் உரிமைதான்.

உலகத்தில் வேறு இடங்களிலும் ஒடுக்கப்பட்டவர்கள் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் பேறுகாலத்தில் இறப்பது வெள்ளையினப் பெண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. கறுப்பினப் பெண்கள் தங்கள் குடியிருப்புகளிலிருந்தே டூலாக்களைப் பயிற்றுவிக்கிறார்கள். மருத்துவர் கேட்க மறுப்பதைக் கேட்கவைக்க ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் டூலாவுக்கு ஊதியம் கொடுக்கும் முறை மினசோட்டா, ஓரிகன் போன்ற மாநிலங்களில் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. சுவீடனில் புலம்பெயர்ந்து வந்த பெண்களுக்கு, அவர்கள் மொழி பேசும் டூலாக்களைத் துணைக்கு அனுப்புகிறார்கள். சந்தைச் சரக்காக இருந்ததைப் பொது உரிமையாக மாற்ற முடியும் என்பதற்கு இவை சான்று.

நாம் என்ன கேட்கலாம்?

முதலில், உறவினர் என்ற சொல்லை எடுக்க வேண்டும். அவள் கைகாட்டும் ஆள் துணை. தோழியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், கணவனாக இருக்கலாம். கணவன் உள்ளே வரக் கட்டிலுக்குக் கட்டில் மறைப்பு வேண்டும். ஒரு திரைச்சீலைக்கு எவ்வளவு செலவாகிவிடும்? இந்த உரிமையை மகப்பேறு வார்டின் வாசலில் தமிழில், எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவைக்க வேண்டும். இருக்கும் உரிமை தெரியாததாலேயே பலர் வெளியே நிற்கிறார்கள்.

இரண்டாவது, துணைக்கு ஆள் இல்லாதவளுக்கு அரசு ஆள் கொடுக்க வேண்டும். மகப்பேறு நடக்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், கடலூர் தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரம் காமராஜ் மருத்துவமனையிலும், அண்ணாமலை நகரிலும் பிரசவத் துணையாளர் என்ற பணியிடம் வேண்டும். உறவினராகவும் இல்லாமல் மருத்துவமனை ஊழியராகவும் இல்லாமல், இதற்கென்றே வந்தவர் துணை இருந்தபோது அறுவை சிகிச்சை கூடுதலாகக் குறைந்தது என்று கோக்ரேன் அறிக்கையிலேயே இருக்கிறது. எந்த நிலையத்தின் பணியிடமோ அந்தப் பகுதிப் பெண்களுக்கே பயிற்சி கொடுக்கலாம்.

இங்கே ஓர் எதிர்ப்பு வரும், வர வேண்டும். மறுபடியும் சேரிப் பெண்களையும் மருத்துவச்சி வீட்டுப் பெண்களையும் பிரசவ இரத்தத்துக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்துவதா? இதற்காகவா நாம் படித்தோம்? நியாயமான கேள்வி. இந்தச் சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை சுவாமி சகஜானந்தா தொடங்கியது, பிள்ளைகள் அப்பன் தொழிலை விட்டு வெளியேறத்தான். தீண்டாமை பற்றி நாடு முழுவதும் விசாரித்து 1969இல் அறிக்கை கொடுத்த இளையபெருமாள் நம் காட்டுமன்னார்கோயில்காரர். சாதி சுமத்திய தொழிலை மறுப்பது இந்த மண்ணின் அரசியல்.

என் பதில் இதுதான். வேலையில் இழிவு இல்லை. கட்டாயத்திலும், பிறப்பிலும், கூலி இல்லாமையிலும் இழிவு இருந்தது. அதே இரத்தத்தைத் தொடும் மகப்பேறு மருத்துவரை யாரும் தீட்டு என்று சொல்வதில்லை. காரணம் பட்டம், சம்பளம், தேர்ந்தெடுத்த தொழில். ஆகவே துணையாளர் பணி எல்லாச் சாதிப் பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டு முறைப்படி திறந்திருக்க வேண்டும். பயிற்சியும் சான்றிதழும், ஒப்பந்தமில்லாத மாதச் சம்பளமும் வேண்டும். தரை துடைப்பதும் கழிவு அள்ளுவதும் அவர் வேலை அல்ல என்று பணி விதியிலேயே எழுத வேண்டும். இல்லையென்றால் ஆறே மாதத்தில் அவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிடுவார்கள். படிக்க விரும்பினால் செவிலியராக, மகப்பேறு செவிலியராக உயர வழி இருக்க வேண்டும். நாவிதர் வீட்டுப் பெண்ணும் வரலாம், நாயுடு வீட்டுப் பெண்ணும் வரலாம். இருவரும் ஒரே சேரிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் நிற்கட்டும்.

மூன்றாவது, துணைக்கு வரும் தாய்க்கு உணவும் படுக்க இடமும், இழந்த கூலிக்கு ஈடும் வேண்டும். மகப்பேறு உதவித் தொகையோடு இதையும் சேர்க்கலாம்.

இவை அரசிடம் கேட்க வேண்டியவை. அரசாணை வரும்வரை காத்திருக்காமல் நாமே செய்யக்கூடியதும் உண்டு. உங்களில் பலர் நண்பர்களின் சாதி மறுப்பு மணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். மாலை வாங்கிக் கொடுத்திருப்பீர்கள், காவல் நிலையத்தில் கூட நின்றிருப்பீர்கள். அதோடு நம் பொறுப்பு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். அந்தப் பெண் கருவுற்றதும் அடுத்த பொறுப்பு தொடங்குகிறது. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிவிட்டாளா? மாதப் பரிசோதனைக்குக் கூடப் போக ஆள் உண்டா? வங்கிக் கணக்கும் ஆவணங்களும் தயாரா? எந்த மருத்துவமனை, எவ்வளவு தூரம், இரவில் வலி எடுத்தால் யாரைக் கூப்பிடுவது? பிரசவத்துக்கு இரண்டு தோழிகள் முறைபோட்டுத் தயாராக இருக்கிறார்களா? வளைகாப்பு என்ற சடங்கில் நமக்கு விமர்சனம் இருக்கலாம். ஆனால் நாலு பேர் கூடி அவளுக்குச் சோறு போட்டு, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்வதற்குச் சடங்கு தேவையில்லை. ஆண் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. இரத்தம் கொடுக்கலாம், வண்டி ஓட்டலாம், சமைக்கலாம், பிறந்தபின் இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

ஒவ்வொரு ஊர் வாசகர் வட்டமும், ஒவ்வொரு மாணவர் அமைப்பும் இப்படிப் பத்துப் பெண்களின் பட்டியல் ஒன்று வைத்திருந்தால் போதும். கூட யாரும்மா வந்திருக்கா என்று மருத்துவமனையில் கேட்கும்போது, நாங்க வந்திருக்கோம் என்று சொல்ல ஆள் இருக்கும். அப்படிச் சொல்லிக்கொண்டு போய் நிற்கும்போது, உறவினரா என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் நம் கோரிக்கை மனு தொடங்க வேண்டும்.